மூணு வாரத்துல ஓட்டக்காரன் வெந்துடுவானா?

ரொம்ப நாளாச்சு நம்ம கடைப்பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்குக் காலையில நாலரைக்கு எந்திரிக்கறதால ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் கண்ணு சொருகிடுது. இன்னைக்கு உக்காந்து எழுதறதுக்கு ஒரே காரணம் கோவம். கொஞ்சம் நீளமாத்தான் போகும். அவசர வேலை இருக்கறவங்க டீ குடிச்சிட்டு வந்து படிங்க.

நான் நெமிலிச்சேரியில குடியிருக்கறது பழைய ஆளுங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: சென்ட்ரல்ல ஏறி ஆவடி தாண்டி, இந்து காலேஜ், பட்டாபிராம், அடுத்தது நெமிலிச்சேரி. வண்டலூர்ல கிளம்பி மீஞ்சூர் வரைக்கும் போற அவுட்டர் ரிங் ரோடு எங்க ஊரைத் தொட்டுக்கிட்டுத்தான் போகுது. அதோட சர்வீஸ் ரோடுதான் எனக்கு கிரவுண்டு. மெயின் ரோட்டுல ஓடினா லாரிக்காரன் நேரா மேல அனுப்பிடுவான், அதனால அந்தப் பக்கம் போறதில்ல. காலையில அஞ்சு மணிக்கு, நெத்தியில ஒரு லைட்டைக் கட்டிக்கிட்டு, ரெண்டு மூணு நாய்ங்க வழியனுப்ப ஓடுவேன்.

ஒரு வருஷமா என்கூட நாலு காலேஜ் பசங்க சேர்ந்து ஓடுறாங்க. நான் கோச் கிடையாது. பொட்டி தட்டுறவன். அவங்களைவிட பத்து வருஷம் முன்னாடி அடிபட்டவன், அவ்வளவுதான் தகுதி. அதுல ஒரு பொண்ணு. பக்கத்துல ஒரு காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்குது. அப்பா ஆட்டோ ஓட்டுறார். பேர் வேணாம், பாப்பான்னே வெச்சுக்குவோம். ஆரம்பத்துல ரெண்டு கிலோமீட்டர் ஓடினா உக்காந்துடும். இப்போ வாரத்துக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஓடுது.

போன வாரம் வந்து நின்னுது. முகம் சரியில்ல.

"அண்ணா, நாளையிலேர்ந்து நான் வர மாட்டேன். காலேஜ்ல கேம்ப் போட்டிருக்காங்க. மீட்டுக்கு பதினெட்டு நாள்தான் இருக்காம். காலையில 400 மீட்டர் பன்னெண்டு தடவை, சாயங்காலம் மறுபடி 200 மீட்டர் பத்து தடவை. தினமும்."

"தினமுமாம்மா?"

"தினமும்ணா. வரலைன்னா டீம்ல பேர் இல்லன்னு சொல்லிட்டாங்க."

இதுதான் விஷயம். இந்தப் பதினெட்டு நாள் கேம்ப்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல என் கதை. சுயபுராணம்னு அனானிங்க திட்டலாம், பரவாயில்ல. நானும் இந்த ஏரியாவுல ஒரு எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சவன்தான். எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. ரெண்டாவது வருஷத்துல 5000 மீட்டர் ஓடுறியான்னு கேட்டாங்க. கிளாஸ் கட் அடிக்கலாமேன்னு சரின்னேன். பத்தொம்பது நாள் கேம்ப். முதல் நாளே 400 மீட்டர் பத்து தடவை. வாந்தி எடுத்தா "குட்"னு சொன்னாங்க. ஏழாவது நாள் இடது கால் முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல விரலை வெச்சா உயிர் போச்சு. சொன்னேன். ஸ்ப்ரே அடிச்சு, "வில் பவர் வேணும்டா"ன்னாங்க. ஜோனல் மீட்ல ஓடினேன். 18 நிமிஷம் 50 செகண்டு, ஏழாவது இடம். மறுநாள் நடக்க முடியல. எலும்புல முடி மாதிரி ஒரு விரிசல். ரெண்டு மாசம் ஓட்டமே கூடாதுன்னுட்டார் டாக்டர். அதுக்கப்புறம் காலேஜ்ல என்னை யாரும் ஏன்னு கேக்கல. அடுத்த வருஷம் வேற ஒரு பையனைப் புடிச்சிட்டாங்க.

வேலைக்குச் சேர்ந்து, தொப்பை போட்டு, தொப்பையைக் குறைக்க மறுபடி ஓட ஆரம்பிச்சேன். இந்தத் தடவை யாரும் விரட்டல. மெதுவா, ரொம்ப மெதுவா, ரெண்டரை வருஷம். போன ஜனவரியில 5000 மீட்டர் 17 நிமிஷம் 41 செகண்டு. வயசு 28, ராத்திரி ரிலீஸ், பீட்சா, முதுகுவலி எல்லாத்தோடவும். பத்தொம்பது வயசுல காலேஜ் டீம்ல இருந்த ஒருத்தனை ஒரு நிமிஷத்துக்கு மேல முந்திட்டேன். அந்தப் பையனும் நான்தான். அப்போ பையன்கிட்ட குறை இல்ல. சமைச்ச விதத்துலதான் குறை.

கொஞ்சம் டெக்னிக்கலா போவோம், பயப்படாதீங்க. 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவைப்படற சக்தியில முக்கால் பங்குக்கு மேல ஆக்சிஜனை வெச்சுத்தான் உடம்பு தயாரிக்குது. 5000 மீட்டர்னா கிட்டத்தட்ட முழுசும் அப்படித்தான். அதுக்கு என்ன வேணும்? இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் தள்ளணும். தசைக்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்ங்க புதுசா முளைக்கணும். செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா பெருகணும். இதெல்லாம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல, மெதுவா ஓடி ஓடி வளர்ற சமாச்சாரம். வேகமான 400 மீட்டர்ங்க கடைசியில போடற தாளிப்பு. நம்ம காலேஜ்ங்க அடுப்புல சாம்பாரே வெக்காம தாளிப்பை மட்டும் பதினெட்டு நாள் போடுறாங்க. அப்புறம் கருகுதுன்னா கருகாம என்ன செய்யும்?

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. மூச்சும் இதயமும் சீக்கிரமே தேறிடும். ரெண்டு மூணு வாரத்துலயே "ஆகா, நல்லா ஓடுறோமே"ன்னு தோணும். எலும்பு அப்படி இல்ல. புது அழுத்தத்துக்கு எலும்பு முதல்ல பழசைக் கரைச்சு, அப்புறம்தான் புதுசைக் கட்டும். அந்தச் சுத்து முடிய மூணு நாலு மாசம் ஆகும். நடுவுல எலும்பு முன்னைவிட வீக்கா இருக்கற காலம் ஒண்ணு உண்டு. இன்ஜினுக்கு பவர் ஏத்திட்டு சேஸிஸை மாத்தாம விட்ட வண்டி மாதிரி. நம்ம கேம்ப்புங்க அந்த வீக்கான காலத்துலதான் போய் முடியும். என் கால் ஒடைஞ்சது விதி இல்ல, கணக்கு.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்ட்னு ஒருத்தர் இருந்தார். ஷூ ஃபேக்டரியில வேலை பார்த்தவர், பால் ஊத்தப் போனவர். எவ்வளவு ஓடினா என்ன ஆகுதுன்னு பல வருஷம் தன் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். அப்புறம் ஆக்லாந்துல அக்கம்பக்கத்துப் பசங்களைச் சேர்த்துக்கிட்டார். வாரத்துக்கு 160 கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை மலைப்பாதையில 35 கிலோமீட்டர். 800 மீட்டர் ஓடுற பீட்டர் ஸ்னெல்லுக்கும் அதே 35தான். ஊரே சிரிச்சுது. 1960 ரோம் ஒலிம்பிக்ல ஒரே நாள்ல ஸ்னெல் 800 மீட்டர் தங்கம், மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டர் தங்கம். அப்புறம் மாரத்தான்ல பேரி மகீ வெண்கலம். மூணு பேருக்கும் ஒரே கோச்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன், நமக்கு ஆவுமா?"ன்னு கேப்பீங்க. சரி, கென்யாவுக்குப் போவோம். 1976ல அயர்லாந்துலேர்ந்து காம் ஓ'கானல்னு ஒரு கிறிஸ்தவத் துறவி இட்டென் ஊர்ல இருக்கற செயின்ட் பேட்ரிக்ஸ் ஸ்கூலுக்கு ஜியாகரபி வாத்தியாரா வந்தார். கோச்சிங் படிச்சவர் இல்ல. பசங்களோட இருந்து, பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டார். அந்த ஸ்கூல்ல படிச்ச பீட்டர் ரோனோ 1988 சியோல்ல 1500 மீட்டர் தங்கம். அவர்கிட்ட வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன்ல 800 மீட்டரை 1:40.91ல ஓடி உலக சாதனை. "கென்யாக்காரன் ஜீன்"னு பின்னூட்டத்துல எழுதக் காத்திருக்கற அண்ணன்களே, ஜீன் அந்த மலையில முன்னாடியும் இருந்துச்சு. ஊரை விட்டுப் போகாம வருஷக்கணக்கா உக்காந்த ஒரு வாத்தியார் வந்ததும்தான் அந்த ஸ்கூலுக்கு அந்தப் பேர் வந்துச்சு.

அவ்வளவு தூரம் ஏன் போவணும்? புதுக்கோட்டைக்கு வாங்க. அங்க எஸ். லோகநாதன்னு ஒரு கோச். கவிநாடு இளைஞர் விளையாட்டுக் கழகம். ஜி. லட்சுமணன், எல். சூர்யா ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து அவர்கிட்ட ஓடினவங்க. 2016ல குவாஹாட்டியில நடந்த தெற்காசியப் போட்டியில சூர்யாவுக்கு 5000, 10000 ரெண்டுலயும் தங்கம். 2017ல புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்ல லட்சுமணனுக்கு 5000, 10000 ரெண்டுலயும் தங்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல 10000 மீட்டர்ல மூணாவதா வந்தார், டிராக் கோட்டுக்கு உள்ள கால் வெச்சதா சொல்லித் தகுதி நீக்கம் பண்ணி வெண்கலத்தை வாங்கிட்டாங்க. போகட்டும். ஒரே ஊர்ல, ஒரே கோச்கிட்ட, ஆசிய அளவுக்கு ரெண்டு பேர். ஏசி ஜிம் காரணமா? சிந்தெடிக் டிராக் காரணமா? ஒரே ஆள், அதே பசங்க, பல வருஷம். அதான் காரணம்.

அதே புதுக்கோட்டை மாவட்டத்துல கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் வெள்ளி. பாலினச் சோதனைன்னு சொல்லிப் பதக்கத்தைப் பறிச்சாங்க. அந்த அக்கா அப்புறம் ஊர்ப் பசங்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தாங்க. 2012ல செங்கல் சூளையில கூலி வேலை பார்க்கறாங்கன்னு செய்தி வந்து எல்லாரும் உச்சுக் கொட்டினோம். பெங்களூரு சாய்ல கோச்சிங் டிப்ளமா முடிச்சு, 2016லதான் தமிழ்நாடு அரசுல நிரந்தரக் கோச் வேலை கிடைச்சுது. 2006லேர்ந்து 2016. பத்து வருஷம். இந்த மாநிலத்துல எஞ்சினியரிங் காலேஜ் மட்டுமே நானூறுக்கு மேல. 800 மீட்டரை ரெண்டு நிமிஷம் மூணு செகண்டுல ஓடின ஒருத்தர் செங்கல் தூக்கிக்கிட்டு இருந்தப்போ, நம்ம காலேஜ் மேனேஜ்மென்ட்டுங்க வாசல்ல செயற்கை நீரூற்று கட்டிக்கிட்டு இருந்தாங்க.

இப்போ ஒரு கேள்வி. இந்தியாவுல தூர ஓட்டக்காரங்களை யார் உருவாக்கறாங்க? மில்கா சிங், ராணுவத்துல சேர்ந்து அங்க நடந்த ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துலதான் கண்டுபிடிக்கப்பட்டார். பான் சிங் தோமர், ராணுவம். 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ்ல 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கி, 2024 பாரிஸ் டயமண்ட் லீக்ல 8:09.91 ஓடின அவினாஷ் சாப்ளே, ராணுவம். 2025ல பாஸ்டன் உள்ளரங்கத்துல 5000 மீட்டரை 12:59.77ல முடிச்சு, 13 நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் இந்தியர் ஆன குல்வீர் சிங், ராணுவம். நம்ம லட்சுமணனும் ராணுவம்தான்.

இதுல தேசபக்தி சமாச்சாரம் எதுவும் இல்லைங்க. ராணுவம் நாலு விஷயம் குடுக்குது: வயித்துக்குச் சோறு, தூங்க நேரம், மாசச் சம்பளம், அவசரப்படாத சில வருஷங்கள். நம்ம காலேஜ்கிட்ட இதுல என்ன இல்ல? ஹாஸ்டல் இருக்கு, மெஸ் இருக்கு, கிரவுண்டு இருக்கு, பதினெட்டுலேர்ந்து இருபத்திரெண்டு வரைக்கும் ஓட்டக்காரன் உடம்பு வளர்ற பொன்னான நாலு வருஷம் சுளையா கையில இருக்கு. அமெரிக்காவுல காலேஜ்தான் ஓட்டக்காரங்களோட பட்டறை. செப்டம்பர்லேர்ந்து கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்துல உள்ளரங்கம், வசந்தத்துல டிராக்னு வருஷம் முழுக்க ஒரே சங்கிலி. அங்கயும் வெளியூர், வெளிநாட்டுப் பசங்களைப் பொறுக்கி எடுப்பாங்க, கென்யாவுலேர்ந்து கூட. ஆனா எடுத்த பையனைத் தினமும் பார்க்கறதுக்குன்னு முழுநேரக் கோச் ஒருத்தர் இருப்பார்.

நம்மகிட்ட என்ன நடக்குது? ரெண்டே வழி. ஒண்ணு, வேற யாரோ வளர்த்த பையனை ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஃப்ரீ சீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, மீட் அன்னைக்கு மட்டும் ஜெர்சியை மாட்டி விடறது. கப்பு காலேஜுக்கு. அந்தப் பையனை வெறுங்கால்ல ஓட வெச்சு வளர்த்த கிராமத்துப் பி.டி. வாத்தியாருக்கு ஒரு நன்றி கூட கிடையாது. ரெண்டு, உள்ளூர்ப் பசங்களைப் புடிச்சு மூணு வாரக் கேம்ப். இந்த ரெண்டுக்கும் பேரு கோச்சிங்காம். முதலாவது கொள்முதல், ரெண்டாவது சூதாட்டம்.

இலவசப் படிப்புக் குடுத்துப் பசங்களை எடுக்கறது தப்புன்னு நான் சொல்லல. கர்நாடகாவுல மூடுபிதிரி ஆல்வாஸ் காலேஜ் அதைத்தான் பெரிய அளவுல பண்ணுது. தத்தெடுத்த பசங்களுக்குப் படிப்பு, சாப்பாடு, தங்கற இடம், வருஷம் முழுக்கப் பயிற்சி. மங்களூர் யுனிவர்சிட்டி அகில இந்தியப் போட்டிகள்ல கப்பைத் தூக்கறதுக்குப் பெரிய காரணம் அதுதான். எடுத்துட்டு வந்தா சோறு போட்டு வளருங்கன்னுதான் சொல்றேன்.

அவசரம் எங்க கொண்டுபோய் விடும்னும் சொல்லிடறேன். 2023 செப்டம்பர்ல டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்து சோதனை ஆளுங்க வந்துட்டாங்க. சேதி பரவினதும் ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலுக்கு மிஞ்சினது ஒரே ஒருத்தர். ஜூனியர் ஸ்டீப்பிள்சேஸ் ஓடின ஒரு பொண்ணு, கோட்டைத் தாண்டின பிறகும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, பின்னாடி சாம்பிள் எடுக்க அதிகாரி துரத்திக்கிட்டு ஓடறார்னு பேப்பர்ல வந்துச்சு. படிச்சிட்டு எல்லாரும் சிரிச்சோம். மூணு வாரத்துல மெடல் வேணும்னு ஒரு பையனோட குரல்வளையைப் புடிச்சா, அவன் என்னதான் செய்வான்? மூணு வாரத்துல நிஜமாவே வேலை செய்யற பயிற்சி எதுவும் இல்ல. ஊசிதான் இருக்கு.

பொண்ணுங்க விஷயம் இன்னும் மோசம். அதிக ஓட்டம், குறைவான சாப்பாடு. கொஞ்ச நாள்ல மாதவிடாய் நின்னுடும். "டிரெய்னிங் நல்லா ஏறுது, அதான்"னு நினைச்சுக்கறாங்க. அது உடம்பு அடிக்கற அபாயமணி. அந்த ஹார்மோன் குறைஞ்சா எலும்பு பலம் குறையும், அடுத்தது விரிசல்தான். இரும்புச்சத்து குறைஞ்சா எவ்வளவு ஓடினாலும் நேரம் முன்னேறாது, படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். பாப்பா முதல் மூணு மாசம் அப்படித்தான் திணறுச்சு. என் தங்கமணிதான் தனியாக் கூப்பிட்டுப் பேசி, டாக்டர்கிட்ட அனுப்பி, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னாங்க. குறைவா இருந்துச்சு. மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. நாலு மாசத்துல ஆளே வேற. காலேஜ்ல இதையெல்லாம் யாரும் கேக்கல. "வெயிட்டைக் குறை, ஓட்டம் வரும்"னு மட்டும் சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு 43 கிலோ சாமி!

சரி, அந்தப் பி.டி. சார் வில்லனா? அப்படி எழுதித்தான் இந்தப் பதிவை ஆரம்பிச்சேன். சனிக்கிழமை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து பாதியை அழிச்சேன்.

மனுஷன் ஐம்பதைத் தாண்டினவர். கபடியிலேர்ந்து செஸ் வரைக்கும் அத்தனை டீமுக்கும் அவர் ஒருத்தர்தான். காலையில கேட்ல நின்னு ஐடி கார்டு பார்க்கணும். ஃபங்ஷன்னா சேர் எண்ணணும். கல்ச்சுரல்ஸ்னா சண்டை விலக்கணும். "தம்பி, நான் ஓட்டக்காரன் இல்ல. வாலிபால் ஆடினவன்"னார். "ஜூலையிலேயே டீம் எடுத்து ஓட விடணும்னு எனக்கும் தெரியும். யூனிட் டெஸ்ட்டுன்னு ஹெச்.ஓ.டி. விட மாட்டார். மீட் தேதி வந்த பிறகுதான் எனக்குப் பர்மிஷன் லெட்டர்ல கையெழுத்தே விழும். அந்த மூணு வாரம் மட்டும்தான் பசங்க என் கையில. அதுல கப்பு வரலைன்னா இன்க்ரிமென்ட் மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேப்பாங்க."

என்ன சொல்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் டீ குடிச்சோம்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "சார், தினமும் வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வேகமா ஓட விடுங்க. மிச்ச நாள் மெதுவா ஓடட்டும். அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷ அடித்தளம் இருக்கு, மீட்டுக்கு முன்னாடி அதைக் களைச்சு விட்டுடாதீங்க." அவர் பாப்பாவோட ஓட்ட நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு வருஷம், நாள் தவறாம எழுதி வெச்சிருக்கு. ரெண்டு மூணு பக்கம் புரட்டினார். "ரிசல்ட் வரலைன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"ன்னார். வர்றேன் சார்னேன். பாப்பாவுக்கு மட்டும் சரின்னார். கூட இருக்கற மத்த ஏழு பசங்களுக்கு அதே பன்னெண்டு 400தான். அந்த ஏழு பேரை நினைச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

இப்போ நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டிட்டுப் போக மாட்டேன். "இந்தப் பசங்க ஒலிம்பிக் போகவா ஓடறாங்க? ஒரு சர்ட்டிஃபிகேட் கிடைச்சா அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு முட்டி மோதலாம், போலீஸ்ல, ரயில்வேயில, ராணுவத்துல சேரலாம். அவனைப் போய் நாலு வருஷம் பொறுமையா ஓடுன்னு சொல்ல நீ யாரு, உனக்குச் சம்பளம் வருது?" சத்தியமான கேள்வி. பாப்பாவோட அப்பாவும் இதையேதான் கேட்டார், இதைவிட மரியாதையா.

என் பதில் இதுதான். சர்ட்டிஃபிகேட் வேணும்னுதான் நானும் சொல்றேன். முதல் வருஷமே கால் ஒடைஞ்சு போனா எந்தச் சர்ட்டிஃபிகேட்டும் வராது. போலீஸ் செலக்‌ஷன் ஓட்டத்துலகூட நிக்க முடியாது. முதல் வருஷம் எட்டாவது, ரெண்டாவது வருஷம் அஞ்சாவது, மூணாவது வருஷம் மேடையில. இதுதான் நடக்கக்கூடிய கணக்கு. அவசரம் ஏழைப் பையனுக்குக் கட்டுப்படியாகாதுங்க. ஒடைஞ்ச காலுக்கு ஸ்கேன் எடுக்க அவன் அப்பாகிட்ட காசு இல்ல.

செலவு ஆகுமேன்னு மேனேஜ்மென்ட் முனகும். கணக்குப் போடுவோம், நமக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே. எட்டு ஓட்டக்காரங்க, ஆளுக்குத் தினமும் நாலு முட்டை, முட்டை ஏழு ரூபான்னு வைங்க. ஒரு நாளைக்கு 224. மாசம் 6720 ரூபா. காலேஜ் டே அன்னைக்குச் சேர்மன் படம் போட்டு வெக்கற ஃப்ளெக்ஸ்ல நாலைக் குறைச்சாப் போதும். சிந்தெடிக் டிராக் கேக்கல. இங்க மலை இல்லையேங்கறீங்களா? ரிங் ரோடு ரயில்வே லைனைத் தாண்டற மேம்பாலத்துக்கு ஏறி இறங்கற சரிவு இருக்கு, விடியறதுக்குள்ள ஓரமா ஆறு தடவை ஏறி இறங்கினா தொடை பேசும். மண் தரை வேணுமா, ஏரிக்கரை இருக்கு. கிராஸ் கன்ட்ரின்னு பேர் வெச்சு நாம பல இடத்துல தார் ரோட்டுல ஓட விடறோம். மண்ணுல, புல்லுல, மேடு பள்ளத்துல ஓடறதுதான் நிஜமான கிராஸ் கன்ட்ரி. காசு கேக்காம அது நம்ம ஊர்லயே கிடக்கு.

ஒரு காலேஜ் என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதி வெக்கறேன். யாராவது பிரின்சிபல் தப்பித்தவறி இந்தப் பக்கம் வந்தா உதவும்.

1) ஜூலையிலேயே டீமை எடுங்க. ஜெயிச்சவனை மட்டும் எடுக்காதீங்க, தினமும் வர்றவனை எடுங்க.

2) முதல் மூணு மாசம் பேசிக்கிட்டே ஓடற வேகம் மட்டும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. நம்ம ஊர் புழுக்கத்துல வாட்ச்சை நம்பாதீங்க, மூச்சை நம்புங்க.

3) முதல் வருஷம் வாரத்துக்கு 30லேர்ந்து 45 கிலோமீட்டர். அடுத்த வருஷம் 60. அதுக்கடுத்து 75, 80. மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் இறக்குங்க.

4) கடினமான ஓட்டம் வாரத்துக்கு ரெண்டே நாள். எலும்பு மேல ஒரே இடத்துல வலின்னா அன்னைக்கே நிறுத்தம். ஸ்ப்ரே மருந்து இல்ல.

5) பொண்ணுங்க இருந்தா பேசறதுக்கு ஒரு மேடம் வேணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ரத்தப் பரிசோதனை.

6) பி.டி. சாரை கேட்லேர்ந்து விடுதலை பண்ணுங்க. முடியலைன்னா பகுதிநேரமா ஒரு ஓட்டக் கோச்சைச் சேருங்க. ஆவடியில ஃபேக்டரி, சி.ஆர்.பி.எஃப்., ஏர்ஃபோர்ஸ் எல்லாம் இருக்கு. ஓடி ரிடையர் ஆன ஆளுங்களுக்குப் பஞ்சமே இல்ல, போய்க் கேட்டாப் போதும்.

கடைசியா சக பதிவர்களுக்கு. உங்கள்ல பாதிப் பேருக்கு வருஷா வருஷம் அலும்னி மீட் அழைப்பு வரும். மேடையேத்தி, சால்வை போட்டு, "காலேஜுக்கு ஏதாவது செய்யுங்க"ன்னு கேப்பாங்க. நீங்களும் உங்க பேர் போட்டு ஒரு ரோலிங் கப்பு வாங்கிக் குடுத்துட்டு வருவீங்க. தயவு செஞ்சு இந்த வருஷம் கப்பு வேணாம். மேடையில ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம காலேஜ்ல 5000 மீட்டர் ஓடற பையன் வருஷத்துல எத்தனை மாசம், யார்கிட்ட பயிற்சி எடுக்கறான்?" பதில் மாசக்கணக்குல வந்தா சந்தோஷமா எனக்குச் சொல்லுங்க, அந்தக் காலேஜைப் பாராட்டித் தனிப் பதிவே போடறேன். நாள் கணக்குல வந்தா கப்புக் காசுக்கு முட்டை வாங்கிக் குடுத்துட்டு வாங்க.

நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குப் பாப்பா வராது, கேம்ப்ல இருக்கும். மூணு பசங்க வருவாங்க. எட்டு கிலோமீட்டர், பேசிக்கிட்டே.

டிஸ்கி: மீட்ல பாப்பாவுக்கு எத்தனாவது இடம் வந்தாலும் இங்க எழுதுவேன். கடைசியா வந்தாலும் எழுதுவேன், பி.டி. சார்கிட்ட போய்ப் பதில் சொன்னதையும் சேர்த்து. "மொக்கை"ன்னு ஒத்தை வார்த்தைப் பின்னூட்டம் போடறவங்க முதல்ல ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்து போடவும் :-)